நான்காம் பக்கம், கீழே

கருப்பூரில் இறங்கினால் முதலில் வெயில்,
பிறகு வெள்ளைக்கல் சுரங்கத்தின் தூசு,
அப்புறம்தான் பல்கலைக்கழகம்.
இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டில்
பதினோரு பேர்.
மின்விசிறி மூன்று, ஓடுவது ஒன்று.

மாதம் ஒரு பயிற்சி இதழ், முந்நூறு பிரதி.
துறைகளுக்கு நூறு, நூலகத்துக்கு ஐம்பது,
மீதியில் கேன்டீன்காரர் போண்டா மடிப்பார்.
என் பெயர் அச்சான முதல் பக்கத்தை
அப்பா கொலுசுப் பட்டறையில்
அன்றைய வெள்ளி விலைக்குப் பக்கத்தில் ஒட்டினார்.
விலை தினமும் மாறியது.

மார்ச் இதழில் நான் எழுதியது:
'ஏற்காட்டில் மிளகு பறித்தபோது
மரத்திலிருந்து தவறி விழுந்து
தொழிலாளி பலி.'
ஸ்டேஷன் எழுத்தர் வாசிக்க வாசிக்கக்
குறித்துக்கொண்டது.
யார், எங்கே, எப்போது எல்லாம் இருந்தது.
ஏன் என்ற இடத்தில்
தவறி.
பக்கம் கட்டிய இம்தியாஸ் சொன்னான்,
கச்சிதமா இருக்கு, ஒரு எழுத்து வெட்ட வேண்டாம்.

எண்ணெய் ஊறிய தாளோடு
வகுப்பு வாசலில் வந்து நின்றார்
வளாகத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவர்.
'இது எங்க மாமா. எழுதினது யாரு?'
பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள்.
'அக்கா ஒருதடவ வரச் சொல்லுச்சு.'

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் ஒரு மன்னிப்பை எழுதி
அடுத்ததில் அடித்தேன்.
பதினாலாவதில் வாந்தி.

காத்தாயி கடுங்காபி கொடுத்தாள்.
குடித்து முடிக்கும்வரை காத்திருந்து
வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.
அங்கே கிடந்தது ஏணி.
ஒற்றை மூங்கில்,
கணுவில் வெட்டிவிட்ட முளைகள்தான் படி.
நடுவில் முறிந்திருந்தது.
முறிவுக்குள்ளே ஒரு பழைய பிளவு,
பிளவைச் சுற்றிக் கம்பி,
கம்பியில் துரு.

'ரெண்டு வருசமா புதுசு கேட்டாரு.
கட்டிக்கிட்டு ஏறுன்னாங்க.
சில்வர் ஓக்குல இருபது வருசம் ஏறுன மனுசன்.
அவரு தவறல. மூங்கி முறிஞ்சுது.
நட்டஈடு கேட்டுப் போனா
கணக்கப்பிள்ள அந்த ஒத்தச் சொல்லத்தான் சொல்றாரு,
நீங்களும் அதையே எழுதியிருக்கீங்க.'

பெயரைச் சரிபார்த்தேன், சடையன்.
வயதை, தேதியை, இன்ஷியலைக்கூட.
தினமும் காலையில் பார்த்துப் பழகிய சொல்லை
யார் சரிபார்ப்பார்கள்?
கிணற்றில் தவறி, சாரத்தில் தவறி,
ஆலைக் கொதிதொட்டியில் தவறி.
செத்தவர் வாயில்
யாரோ திணித்துவிட்டுப் போன
ஒப்புதல் வாக்குமூலம்.

நான் மூன்று பக்கம் எழுதினேன், படத்தோடு.
துறையில் யோசித்தார்கள்.
பயிற்சி இதழ்தானே, எதற்கு வம்பு,
திருத்தம் போட்டுவிடலாம் என்றார்கள்.
நான்காம் பக்கம், கீழே,
கைப்பந்து முடிவுகளுக்கு அடியில் ஐந்து வரி.
இடம் போதாமல் இம்தியாஸ்
எழுத்தை ஒரு புள்ளி குறைத்தான்.
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுபடி மலை.
மாதேஷ் ஏழாவது படிக்கிறான்,
அம்மாவுக்கு விரல் வைத்து வாசித்தான்:
'"தவறி விழுந்து" என்று வெளியான செய்தியில்
"ஏணி முறிந்ததில் விழுந்து" என்று
இருந்திருக்க வேண்டும்.
பிழைக்கு வருந்துகிறோம்.'
கடைசிச் சொல்லில் விரல் நின்றது.
'வருந்துகிறோம்னா எத்தனை பேரு?'

துறைத்தலைவர், பதினோரு பேர்,
ஸ்டேஷன் எழுத்தர், கணக்கப்பிள்ளை,
எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டு
'ஒருத்தி' என்றேன்.
சரி என்று தலையாட்டிவிட்டு
மேலே இருந்த கைப்பந்து முடிவுகளை
வாசிக்கப் போய்விட்டான்.

'இன்னும் தாள் இருக்கா?' என்றாள் காத்தாயி.
போண்டாவுக்குப் போகாமல் ஒளித்துவைத்த நாற்பது
பையில் இருந்தது.
மொத்தமாக வாங்கி
அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
மஞ்சு இறங்குமுன்
ஏணியை இன்னொரு படம் எடுத்தேன்,
கம்பி தெரிகிற மாதிரி.